வேதமாணிக்கம் வின்ச் பூட்டிய கதை

இந்தக் காலத்தில் எவன் சும்மா கை கொடுக்கிறான்? கொடுத்த கையை மடக்குவதற்குள் வாயைத் திறந்துவிடுகிறான். டீக்கடையில் சொல்கிறான், களத்தில் சொல்கிறான், கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொல்கிறான். உதவி வாங்கினவன் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. இவர்களிடம் உதவி வாங்குவதைவிட நாயிடம் கடி வாங்கலாம். நாய் அதை நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்காது.

இப்படித் திட்டிக்கொண்டேதான் வேதமாணிக்கம் அன்று காலையில் முற்றத்து வேப்பமரக் கிளையில் கயிற்றைப் போட்டு, ஓர் இரும்புப் பாரத்தை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். திட்டைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு ஜீப். யுத்த காலத்தில் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர் அவர். யுத்தம் முடிந்து பட்டாளத்து வண்டிகளை ஏலம் விட்டபோது எடுத்து வந்த ஜீப் அது. பசுவந்தனைப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கோவில்பட்டியிலிருந்து பருத்தி விதையும் புண்ணாக்கும் மண்ணெண்ணெயும் ஏற்றி வந்து பிழைத்தார்.

போன ஐப்பசி மழையில் ஓடையைத் தாண்டும்போது ஜீப்பின் நாலு சக்கரமும் கரிசலில் இறங்கிவிட்டன. கரிசல் மண் நனைந்துவிட்டால் பிசைந்த மாவு மாதிரிதான். சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி கீழேதான் போகும். அப்போது அடுத்த புஞ்சைக்காரன் செண்பகராஜ் தன் மாடுகளைக் கொண்டுவந்து பூட்டி, இழுத்துக் கரையேற்றிவிட்டான். நல்ல காரியம்தான். ஆனால் அவன் அதோடு விட்டானா?

"வெள்ளைக்காரன் செஞ்ச வண்டி, சண்டைக்கெல்லாம் போயிட்டு வந்த வண்டி. கடைசியில எங்க மயிலக்காளை மூத்திரம் பெஞ்சுக்கிட்டே இழுத்துட்டு வந்துச்சு. அண்ணாச்சி பின்னால சேத்துக்குள்ள எருமை மாதிரி வாராரு!"

இதைச் சொல்லிவிட்டு அந்த எருமை நடையை நடந்து வேறு காட்டுவான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். மழை ஓய்ந்து, பருத்தி வெடித்து, காய்ந்த பருத்திமார் விறகாகி அடுப்புக்குப் போன பிறகும் அந்தக் கதை ஓயவில்லை.

அதனால்தான் கயிற்றில் தொங்குகிற இந்த வின்ச். கம்பிவடம் சுற்றிய ஓர் இரும்பு உருளை, பக்கத்தில் ஒரு கைப்பிடி. வண்டியின் முன்னால் இதைப் பூட்டிவிட்டு, வடத்தின் நுனியை ஏதாவது மரத்தில் கட்டி, கைப்பிடியைச் சுற்றினால் போதும். சேற்றில் கிடக்கிற வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும். மாடும் வேண்டாம், மாட்டுக்காரனும் வேண்டாம். கோவில்பட்டிப் பழைய இரும்புக் கடையில் இதைக் கண்டதும் வேதமாணிக்கத்துக்குப் பசிகூட மறந்துபோனது. பட்டறையில் ஒரு கனத்த தகட்டை வெட்டி, ஓட்டை போட்டு, வின்ச்சை அதன்மேல் முடுக்கி வாங்கிக்கொண்டார். இனி ஜீப்பின் முன்சட்டத்தில் அந்தத் தகட்டைப் பொருத்த வேண்டியதுதான் பாக்கி. மேகம் கிழக்கே கூடிக்கொண்டிருந்தது. இன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

ஒருவழியாகப் பாரத்தை இறக்கிச் சட்டத்தின்மேல் உட்கார்த்தினார். கயிற்றை அவிழ்த்தார். ஒரு போல்ட்டைப் போட்டுவிட்டு அடியில் படுத்து நட்டைத் திருகினார். நட்டோடு சேர்ந்து மேலே போல்ட்டும் சுற்றியது. மேலே ஒருவன் ஸ்பானரால் போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டால்தான் கீழே நட்டு இறுகும். இது இரண்டு ஆள் வேலை. பட்டாளத்தில் இதை அவர் ஒருநாளும் தனியாகச் செய்ததில்லை.

"பிடிக்கதுக்கு ஒருத்தனைக் கூப்பிடணும். கூப்பிட்டா நாளைக்கு அவன்தான் வின்ச்சு பூட்டுனதா ஊரெல்லாம் சொல்லுவான். போங்கடா" என்று ஜீப்பிடம் சொன்னார். ஸ்பானரைப் போல்ட் தலையில் மாட்டிக் கயிற்றால் பம்பரோடு கட்டினார். திரும்ப அடியில் போய்த் திருகினார். கயிறு நழுவியது. எழுந்து வந்தார், கட்டினார், படுத்தார். முதுகெல்லாம் புழுதி. பாதி இறுகியது, அது போதும் என்று விட்டார். அடுத்த பக்கம் பார்த்தால் தகட்டின் ஓட்டையும் சட்டத்தின் ஓட்டையும் நேராக இல்லை.

தகட்டுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, அதன் மறுமுனையில் ஒரு கல்லைப் பாரமாக வைத்தார். இடைவெளி கிடைத்தது. மறுபடியும் அடியில் படுத்து, ஓட்டை எங்கே இருக்கிறது என்று இடது கையின் விரல்களை உள்ளே விட்டுத் தடவினார்.

கல் உருண்டது. கடப்பாரை தெறித்துத் தூரப் போய் விழுந்தது. தகடு வின்ச்சோடு சேர்ந்து நாலு விரல்கள்மேல் இறங்கியது.

சத்தம் வெளியே வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டார். வலது கையால் தகட்டைத் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. காலை நீட்டிக் கடப்பாரையைத் தொடப் பார்த்தார், எட்டவில்லை. முழங்கை வழியாக ரத்தம் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. ஸ்டியரிங் பிடிக்கிற கை. அந்த விரல்கள் போய்விட்டால் ஜீப்பும் இல்லை, சோறும் இல்லை.

உடைமுள் வேலிக்கு வெளியே பேச்சுக்குரல் கேட்டது. புல் அறுக்கப் போய்விட்டு வருகிற நேசம்மாளும் சந்தனமேரியும்.

"இம்புட்டு நேரம் டொக்கு டொக்குனு கேட்டுச்சே. சத்தத்தையே காணும்" என்றாள் சந்தனமேரி.

"ஒறங்குதாரு போல" என்றாள் நேசம்மாள்.

"நட்டநடுப் பகல்லயா? என்னன்னு ஒரு குரல் குடுத்துப் பாப்பமாக்கா?"

"ஏட்டி, ஒனக்கு வேற வேலை இல்லையா? காய்ச்சல்ல கெடந்தாரேன்னு கஞ்சி கொண்டுபோனேன். 'யாரு கேட்டா ஒங்கிட்ட? நாளைக்குச் சொல்லிக்காட்டவா?'ன்னு வாசலோட அனுப்பிட்டாரு. கஞ்சியக் கோழிக்கு ஊத்தினேன். நடட்டி."

வேதமாணிக்கம் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். சும்மாடும் புல்லுக்கட்டுமாக இரண்டு தலைகள் வேலிக்கு மேலே நகர்ந்து போயின. அதற்குப் பிறகு வெயில்தான் இருந்தது. எத்தனையோ ராத்திரிகள் அந்த வீட்டில் ஒருவராகப் படுத்திருக்கிறார். ஒருநாளும் இப்படித் தனியாக இருந்ததில்லை. விரல்களில் வலி மெல்ல மெல்ல மரத்துப்போய்க்கொண்டிருந்தது. வலியைவிட அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

வெகுநேரம் கழித்துத் வாசலை அடைத்திருந்த தடுக்குப்படலுக்கு வெளியே ஓர் இருமல். செண்பகராஜ்.

"அண்ணாச்சி! வின்ச்சு பூட்டுதீங்களாமே? இனிமே எங்க காளைக்கு வேலை இல்லைனு சொல்லுங்க!" என்று சிரித்தான். "அடேயப்பா, பேச்சுக்கூட இல்லையா? சரி, கோவம் தணிஞ்ச பெறகு வாரேன்."

செருப்புச் சத்தம் திரும்பியது. நடந்தது. எத்தனையோ பேர் இருக்க இவன்தானா வர வேண்டும்? வேதமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார். செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

"ஏலே... செண்பகம்."

அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினார். "ஏலே, செண்பகம்!"

ஓடிவந்தவன் குனிந்து பார்த்தான். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. கடப்பாரையை எடுத்து நெம்பினான். விரல்கள் வெளியே வந்தன. தலைத்துண்டை அவிழ்த்து அந்தக் கையைச் சுற்றினான். தன் மாட்டுவண்டியில் அவரைத் தூக்கி வைத்துக்கொண்டு கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

பாதி வழியில்தான் வேதமாணிக்கம் வாயைத் திறந்தார். "சொல்லு. நல்லாச் சொல்லு. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கதை ஆச்சு ஒனக்கு."

செண்பகராஜ் மாட்டை அதட்டுவதை நிறுத்தினான். "அண்ணாச்சி, நான் படல்கிட்ட நின்னு பேசுனது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டுமா கூப்பிடலை?"

"கூப்பிட்டா நீ நடந்து காட்டுவ."

செண்பகராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டை விரட்டினான்.

சுண்டுவிரலில் பாதி போய்விட்டது. மற்ற மூன்றையும் டாக்டர் காப்பாற்றிக் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவையும் இல்லை என்று கோபித்துக்கொண்டார். காயம் ஆறிவருகிற சமயத்தில் ஒருநாள் காலை, கூப்பிடாமலே செண்பகராஜ் வந்தான். ஸ்பானரை எடுத்துப் போல்ட் தலையில் மாட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். வேதமாணிக்கம் அடியில் படுத்து வலது கையால் முடுக்கினார். "பிடி", "விடு" என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை. வேலை முடிந்ததும் அவன் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் குத்புதீன் டீக்கடையில் கூட்டம் உட்கார்ந்திருந்தது. வேதமாணிக்கம் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் இருந்த சங்கிலிப்பாண்டி அவர் கைக்கட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணடித்தான்.

"என்ன செண்பகம், இந்தக் கைக்கும் ஒரு கதை இருக்குமே. ஒன் வண்டியிலதான ஆஸ்பத்திரிக்குப் போனாரு? எடுத்துவிடுலே. அந்த எருமை நடையையும் சேத்து நட!"

கடை சிரிக்கத் தயாரானது. வேதமாணிக்கம் கிளாசை இறுக்கிப் பிடித்தார்.

செண்பகராஜ் எழுந்திருக்கவில்லை. "இனி அந்தக் கதை கெடையாது" என்றான். "நான் ஒரு நாள் மாட்டைப் பூட்டினேன். வருசம் பூரா வாயைப் பூட்டலை. அதனால ஒரு மனுசன், நான் பத்தடி தூரத்துல நிக்கையில, ரத்தம் வடிய வடியக் கெடந்தாரு, என்னையக் கூப்பிடலை. செஞ்ச உதவியச் சொல்லிக்காட்டுனா, அடுத்த தடவ விழுந்தவன் கூப்பிட மாட்டான்லே. கெடந்து செத்துப்போவான். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஒங்க யாருக்கும் வேண்டாம்."

யாரும் சிரிக்கவில்லை. குத்புதீன் மட்டும், "வாஸ்தவமான பேச்சு" என்று சொல்லிக்கொண்டே டீயை ஆற்றினார்.

வேதமாணிக்கம் செண்பகராஜை ஏற இறங்கப் பார்த்தார். நன்றாகத்தான் பேசுகிறான். இன்றைக்குச் சொல்ல மாட்டான். நாளைக்கும் சொல்ல மாட்டான். ஆனால் ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில், நாலு பேர் சிரிக்கக் காத்திருக்கும்போது? வாய் சும்மா இருக்குமா? மனுசன் வாய்தானே அது!

"பாப்போம்" என்று முணுமுணுத்துக்கொண்டு கிளாசைப் பலகையில் வைத்தார். செண்பகராஜ் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டது அவர் கண்ணில் படாமல் இல்லை. ஆனாலும் உட்காரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.