பெண்களுக்கான அளவுத்தாள்

அண்டார்டிகாவின் பனித்தட்டு அடியிலிருந்து எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று அளக்க மத்திய அரசு ஓர் ஐந்தாண்டுத் திட்டம் வகுத்துக்கொண்டிருந்தது. திட்டக் குழுவின் செயலாளர் விஞ்ஞானி பூபாலன். ஆறு பேர் நாற்பது நாள் பனிமேல் கூடாரம் போட்டுத் தங்கவேண்டும். அவர்கள் போடும் குளிர் உள்ளுடுப்பின் அளவுகளும் அறிக்கையில் சேரவேண்டும் என்பதால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு வந்திருந்தார். பக்கத்து உடுமலைப்பேட்டைக்காரர்தானே என்று மற்றவர்கள் இந்த வேலையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

சாம்பிள் செக்‌ஷனில், அளவு வரைந்து வெட்டும் பேட்டர்ன் மாஸ்டர் அன்புசெல்வி, தைத்து வைத்திருந்த உடுப்புகளை டேப்பால் அளந்து காட்டினாள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உடுப்பு. எல்லா அளவும் சரியாக இருந்தது.

"ஜென்ட்ஸ் முடிஞ்சுதுங்க சார். லேடீஸ் சார்ட் எங்கீங்க?"

"அது இல்லீங்க. இந்தத் தடவை ஆம்பளைங்க மட்டுந்தான்."

"ஏனுங்க, பொம்பளைங்க அங்க போறதில்லீங்களா?"

"ஸ்டேஷனுக்குப் போவாங்க. அங்க கட்டடம், பாத்ரூம் எல்லாம் இருக்கு. இது வெறும் கூடாரம். ஒண்ணுக்குப் போகணும்னா ஆம்பளைங்களுக்கு முன்னாடி திறப்பு இருக்கு. பொம்பளைங்க கழுத்திலிருந்து முழுசாக் கழட்டணும். அந்தக் குளிர்ல ஆகாதுங்க."

குழுவிலும் இதே பதமான குரலில்தான் சொல்லியிருந்தார். அங்கே எல்லோரும் தலையாட்டினார்கள். அன்புசெல்வி ஆட்டவில்லை.

"போறேன்னு யாரும் கேக்கலீங்களா?"

"இல்லீங்க. யாரும் கேக்கல."

அது பொய். அவர் பிரிவிலேயே வேலை பார்க்கும் இளம் விஞ்ஞானி வர்ஷினி கேட்டிருந்தாள். அந்தக் கூடார முகாமே அவள் யோசனை. பனியில் எங்கே துளை போடுவது, எந்தக் கருவியை எத்தனை மீட்டர் இறக்குவது என்று இருபத்தெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தவள் அவள். திட்டத்தை வைத்துக்கொண்டு அவள் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, கூட வேலை பார்க்கும் நித்தீஷை அனுப்புவதாக முடிவானது. 'பெண்களுக்கு உகந்த உடை இல்லாததால்' என்ற வரியைப் பூபாலன்தான் எழுதினார். உடைதான் பிரச்சினை என்றால் யாரிடம் கேட்கலாம் சார் என்று அவள் மெயில் அனுப்பினாள். அவர் பதில் போடவில்லை.

அன்புசெல்வி வேறெதுவும் கேட்காமல் மிச்சத் துணியை மேசையில் விரித்து அதே உடுப்பைத் தன் அளவுக்கு வெட்டினாள். அதன் பின்பக்கத்தை இடுப்புக்குக் கீழே குறுக்கே இரண்டாக்கினாள். மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் ஒரு சாண் ஏறி நிற்கும்படி இரண்டு ஓரத்தில் மட்டும் மூட்டி, ஃப்ளாட்லாக் தையல் மெஷினில் ஓட்டினாள். பதினோரு மணி டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. அதைச் சுடிதாருக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் குத்தவைத்து உட்கார்ந்தாள். துணி தானாக விலகியது. எழுந்ததும் மூடிக்கொண்டது.

முதலாளி வேல்குமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பூபாலனுக்குக் காது சூடேறியது. அவள் உட்கார்ந்ததற்காக அல்ல. தான் ஒருவரிடமும் கேட்கவே இல்லை என்பதற்காக.

அவள் அதைக் கழற்றி மடித்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள். "வருங்காலத்துல யாராச்சும் கேட்டா ஆகுமுங்க."

கார் காதர்பேட்டைகூடத் தாண்டியிருக்காது. திருப்பச் சொன்னார். மறுபடி அவர் உள்ளே வந்தபோது அன்புசெல்வி சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தாள்.

"நான் பொய் சொல்லிட்டேங்க" என்றார். "ஒரு பொண்ணு கேட்டுது. திட்டமே அவ எழுதினதுதான். நாந்தான் வேண்டாம்னு எழுதினேன்."

அவள் டப்பாவை மூடி வைத்தாள். பக்கத்து மெஷின்காரப் பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"அந்தப் பொண்ணு எத்தனை உயரமுங்க?"

"தெரியலீங்க."

"கேட்டுச் சொல்லுங்க. அந்த பீஸ் என் அளவுக்குத் தச்சது."

வாசலில் நின்று வர்ஷினிக்குப் போன் செய்தார். அவர் சொன்னதையெல்லாம் அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"ஒரு காலையில முடியற வேலையா சார் இது?"

"ஆமாம்மா."

"நான் ராஜினாமா எழுதி வச்சிருக்கேன். அம்மாகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? எனக்குத் தகுதி போதலைன்னு சொன்னேன். உடைன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு."

மன்னித்துக்கொள் என்று சொன்னபோது அது அவருக்கே ரொம்பச் சின்னதாகக் கேட்டது.

"அதைக் குழுவுல சொல்லுங்க சார்" என்றாள். உயரத்தைக் கேட்டார். ஐந்தடி ஒன்று என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை குழு கூடியது. வர்ஷினியையும் நித்தீஷையும் வரச் சொல்லியிருந்தார்கள். பூபாலன் புதிய அளவுத்தாளை வைத்தார். வர்ஷினியை முகாம் தலைவராகப் போடவேண்டும் என்றார். நித்தீஷ் தலையைக் குனிந்துகொண்டு, "அவங்க போகவேண்டிய இடம்தான் சார்" என்றான்.

குழுத் தலைவர் பழைய அறிக்கையைப் புரட்டினார். "உடை இல்லைன்னு இதுல தெளிவா இருக்கே. விசாரிச்சுத்தானே எழுதியிருப்பாங்க? யார் எழுதினது?"

"நான்தான் சார். யார்கிட்டயும் விசாரிக்கல."

அறையில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. வர்ஷினி மட்டும் பார்த்தாள். அதில் நன்றி இல்லை. இருக்கவும் நியாயமில்லை என்று அவருக்குத் தெரிந்தது. முகாம் தலைவர் என்ற இடத்தில் அவள் பெயரைத் தட்டச்சுக்காரர் இரண்டு தரம் எழுத்துக் கேட்டு அடித்தார். குழுத் தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போனார்: கப்பலில் எத்தனை பீப்பாய் டீசல் ஏற்றுவது.