வலது பக்கம்

வக்கீல் வாசித்துக்கொண்டிருந்தார். நாவலில் ஓடக்காரன் தன் மனைவியிடம் முதல்முறையாக மனம்விட்டுப் பேசும் இடம் அது. வக்கீல் அதை நீதிபதியிடம் ஜாமீன் கேட்பதுபோல வாசித்தார். அவருக்கு அடுத்து குருவி என்று எல்லோரும் கூப்பிடும் அவள் தோழி, குருவிக்கு அடுத்து அவள். தன் பங்கு எங்கே தொடங்கும் என்று பார்த்துவைத்துக்கொள்ளலாமென்று அவள் புத்தகத்தில் கண்ணைத் தாழ்த்தியபோதுதான் அது நடந்தது. பக்கத்தின் வலது பாதி இல்லை.

கிழிந்திருக்கவில்லை. இருட்டாகவும் இல்லை. வெறுமனே இல்லை. மீதமிருந்த இடது பாதியில் எழுத்துகள் இருந்தன. சுழி, கொம்பு, கால், புள்ளி எல்லாம் கூர்மையாகத்தான் தெரிந்தன. ஆனால் ஒன்றுகூடத் தான் இன்ன எழுத்து என்று சொல்லவில்லை. நேற்று மாலை இதே பக்கத்தைப் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்தும் வைத்திருந்தாள். அந்தக் குறிப்பும் இப்போது யாரோ கிறுக்கியதாகக் கிடந்தது.

கல்லூரி தன் பழைய மாணவர்களுக்காகச் சனிக்கிழமை காலைகளில் நடத்தும் இலக்கிய வகுப்பு அது. தலை நரைத்தவர்கள் எல்லாம் கைப்பலகை வைத்த நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்து ஒரு நாவலை மாற்றி மாற்றி வாசித்துப் பேசுவார்கள். பாடம் எடுக்கும் பெண், இவர்கள் படித்து வெளியேறியபோது பிறந்தேயிருக்கமாட்டாள். அந்தக் காலத்தில் கூடப்படித்த குருவிதான் அவளை இழுத்துவந்து சேர்த்தது. "ரிட்டயர் ஆயிட்டு வீட்ல உக்காந்து சுவத்தையா பாக்கப்போற, வாடி" என்றாள். வந்தபிறகு அவளுக்கே பிடித்துப்போனது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்தே காலத்தை ஓட்டியவள். கீழ் வரிசை தெரியுதா, இப்போ தெரியுதா என்று மற்றவர்களை வாசிக்கவைத்தே பழக்கம். தான் உட்கார்ந்து வாசிப்பது புது சுகமாக இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். அப்படியேதான் இருந்தது. யாரும் பார்க்காதபடி, நெற்றியைத் தேய்ப்பதுபோல உள்ளங்கையால் இடது கண்ணை மூடினாள். வலது பாதி இல்லை. கையை மாற்றி வலது கண்ணை மூடினாள். அப்போதும் அதே பாதிதான் இல்லை.

ஒரு கண்ணில் மட்டும் என்றால் கோளாறு கண்ணில். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் என்றால் அது கண்ணே இல்லை, அதற்குப் பின்னால், மூளையில். அப்படி வந்தவர்களை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவிடாமல், வீட்டுக்கும் போகவிடாமல், ஆம்புலன்ஸை வரவழைத்து ஏற்றிவிட்டிருக்கிறாள். ஒவ்வொரு நிமிஷமும் காசு கொடுத்தாலும் திரும்பாத நிமிஷம் என்று அவர்களுடைய பிள்ளைகளிடம் அதட்டியிருக்கிறாள். இப்போது அவள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

அக்காவின் ஞாபகம்தான் காரணம். அக்கா ஒருநாள் தலைவாரும்போது சீப்பைக் கீழே போட்டாள். ஒண்ணுமில்ல, கொஞ்சம் படுத்தா சரியாயிடும் என்றாள். படுத்து எழுந்தபிறகு அவளிடம் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. சரி. பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, மகன் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோதும் சரி. சாகும்வரைக்கும் அந்த ஒரு வார்த்தையைத்தான் எல்லாவற்றுக்கும் போட்டுத் தேய்த்தாள்.

வாயைத் திறந்தால் தன்னிடமிருந்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. திறக்காதவரை தெரியவும் போவதில்லை. அந்த இடைவெளிக்குள் ஒண்டிக்கொண்டு கிடந்தாள். குருவியின் குரல் காதருகே கீச்சுக்கீச்சென்று ஓடியது. பிறகு குருவியின் குரல் நின்றது.

"அடுத்து நீங்க மேடம்" என்றாள் பாடம் எடுக்கும் பெண்.

அவள் வாயைத் திறந்தாள்.

"ஓடக்காரன் துடுப்பை எடுத்து உள்ளே வைத்தான்" என்று வந்தது. வார்த்தை வந்துவிட்டது. முழுதாக, ஒழுங்காக. நேற்று படித்ததில் நினைவிருந்ததைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னாள். அதற்கடுத்ததையும் சொன்னாள். நினைவு தீர்ந்தபோது நிறுத்த பயமாக இருந்தது. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியுமா என்று யாருக்குத் தெரியும். எனவே தானாகவே சொல்லிக்கொண்டுபோனாள். ஓடக்காரனின் மனைவி ஆற்றில் இறங்கினாள் என்றாள், தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்றாள். கண்ணைப் பக்கத்தின்மீது வைத்தபடியே சொன்னாள்.

வக்கீல் முதலில் தாளைப் புரட்டினார். வேறு சிலரும் புரட்டினார்கள். பிறகு புரட்டும் சத்தமும் நின்றுபோனது. யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதி அவளை இன்னும் வேகமாகப் பேசவைத்தது.

"மேடம்" என்றாள் அந்தப் பெண், மெதுவாக. "நீங்க எந்தப் பக்கத்துல இருக்கீங்க?"

"தெரியல" என்றாள் அவள். தன் குரல் தனக்கே சின்னப் பிள்ளையின் குரல்போலக் கேட்டது. "எனக்குப் படிக்க வரல. வலது பக்கம் எதுவும் இல்ல. என்னை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. படுக்க விடாதீங்க."

வக்கீல் இந்த வயதில் அப்படி ஓடுவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். வண்டியை வராந்தாப் படி வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அந்தப் பெண் முன்னால் உட்கார்ந்து போனில் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பேசிக்கொண்டே வந்தாள். பின்னால் குருவி அவள் தோளை அணைத்துக்கொண்டு வாயோயாமல் பேசினாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகாதுடி. நீ பாட்டுக்குப் புதுசா ஒரு அத்தியாயமே எழுதிட்ட. எழுதினவரே கேட்டா வேலைய விட்டுருவாரு."

"பேசிட்டே இரு" என்றாள் அவள். "நானும் பேசறேன். நான் 'சரி'ன்னு மட்டும் சொன்னா உடனே சொல்லு."

ஜன்னலுக்கு வெளியே கடைகளின் பெயர்ப்பலகைகள் வந்துகொண்டிருந்தன. சிவப்பு, மஞ்சள், நீலம். எதுவும் பெயராகவில்லை.

ஆஸ்பத்திரியில் காத்திருந்தார்கள். ஊசி குத்தி, உடை மாற்றி, தள்ளுவண்டியில் படுக்கவைத்து, ஸ்கேன் அறைக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே ஒருவரை இறக்குகிறார்கள், இதோ ஆயிற்று என்றாள் நர்ஸ். டாக்டர் விரலைக் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டு, நேரத்தோட வந்துட்டீங்க, பாக்கலாம் என்று மட்டும் சொன்னார். பாக்கலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அவளும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் ஆட்களை அனுப்பிவைத்திருக்கிறாள்.

குருவி இப்போது பேசவில்லை. பேச்சு தீர்ந்த குருவியை அவள் பார்த்ததே கிடையாது. குருவி அவளுடைய கையை எடுத்து, விரல்களை விரித்து, உள்ளங்கையில் ஆள்காட்டி விரலால் எதையோ கீறினாள். கீழ்நோக்கி ஒரு கோடு, பக்கவாட்டில் ஒன்று, மேல்நோக்கி ஒன்று.

"ப" என்றாள் அவள்.

சொன்னபிறகுதான் அது எழுத்து என்று அவளுக்கே உறைத்தது. குருவியின் விரல் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு இன்னொன்று எழுதியது, நிதானமாக.

"ய" என்றாள்.

உள்ளே இருந்தவரை வெளியே கொண்டுவந்தார்கள். கதவு அகலத் திறந்தது. தள்ளுவண்டியின் சக்கரங்கள் அசைந்தன. பயப்படாதே என்கிறாளா, பயமா இருக்கு என்கிறாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. வண்டியோடு கூடவே நடந்துவந்த குருவியின் விரல், அவள் கையைவிட்டு விலகாமல், மூன்றாவது எழுத்தைத் தொடங்கியது.