களஞ்சியத்துக்கு உபயம்

எனக்குக் கோவம் வந்தா கண்ணுமண்ணு தெரியாது. அன்னைக்கு அழுகையும் சேந்து வந்துட்டு.

தென்காசி, குத்தாலம், சுத்துப்பட்டு ஊரு அத்தனையும் பத்தி இணையத்துல ஒரு களஞ்சியம். யாரு வேணா எழுதலாம், யாரு வேணா திருத்தலாம். இதுதான் என் திட்டம். என் ஜெராக்ஸ் கடையில நிக்கவே இடமில்ல. அதான் வியாபாரிகள் சங்கத்துல போயி ஒரு ரூம் கேட்டேன். செயலாளர் பால்வண்ணநாதன் அண்ணாச்சி சிரிச்சாவ.

"குழல்வாய்மொழி, கண்டவனும் எழுதுனா பொய்தாம்மா நிக்கும். சரி, ஒரு வாரம் தாரேன். நூறு கட்டுரை காட்டு, மாடி ரூம் உனக்கு. இல்லைன்னா இந்தப் பேச்சையே விட்டுரணும்."

ஆறு நாள்ல பதினொண்ணு. பதினொண்ணும் நான் எழுதுனது! அன்னைக்குத்தான் அந்தக் கோவமும் அழுகையும்.

ஐந்தருவியில சிப்ஸ் கடை வச்சிருக்க என் சேக்காளி ரூபி போன்ல கேட்டா: "ஏட்டி, எழுதுனவன் பேரு எங்கன?"

"களஞ்சியத்துல பேரெல்லாம் போடக்கூடாதுட்டீ."

"கோயிலுக்கு ஒரு டியூப்லைட்டு வாங்கிக் குடுத்தாலே, வெளிச்சம் மறையுத அளவுக்கு உபயம்னு பேரு எழுதுத ஊரு இது. பேரில்லாம எவன்டீ எழுதுவான்?"

"போடி மூதி!"ன்னு போனை வச்சேன். அரை மணி நேரம் கழிச்சு, ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழயும் 'உபயம்'னு ஒரு கட்டம் போட்டு நாலு வாட்ஸ்அப் குரூப்புல தட்டிவிட்டேன்.

எம்மாடி! 'சுரண்டைச் சந்தை. உபயம்: பேச்சிமுத்து.' 'புளியறையில மீன்கறி நல்லா இருக்க கடைகள். உபயம்: லாரி டிரைவர் அய்யாக்குட்டி.' ஒருத்தர் ஒரே ஒரு கமா வச்சிட்டு, 'கமா உபயம்: தங்கசாமி குடும்பத்தார்'னு போட்டிருக்காரு! சாயங்காலத்துக்குள்ள முந்நூத்திப் பன்னெண்டு. சுழல் நாற்காலியில உக்காந்து நான் தனியா சிரிச்சிக்கிட்டே சுத்துதேன்.

மறுநாள் அண்ணாச்சி கடைக்கு வந்தாவ. எண்ணிக்கையைப் பாத்தாவ, முகம் மாறல. "நூறு சரி. பொய்க்கு என்ன வழி?"ன்னுட்டு, சங்கத்தைப் பத்துன கட்டுரையில ஒத்த விரலால தட்டுனாவ: 'செயலாளர் தினமும் காலை ஆறு மணிக்கே கடை திறப்பவர். உபயம்: பால்வண்ணநாதன்.'

"இது நிக்குதா இல்லையான்னு பாப்போம்."

ஊரே அண்ணாச்சிக்குப் பயப்படும். எவன் கை வைப்பான்?

ரெண்டு நிமிசம் ஆகல, வரி மாறிட்டு. 'ஒன்பதரை மணிக்கு. அதுவும் நான் ரெண்டு தடவை எழுப்புனாத்தான். திருத்தம் உபயம்: வீட்டம்மா உலகம்மாள்.'

அண்ணாச்சி திரையையே பாத்துக்கிட்டிருந்தாவ. பொறவு தோள் குலுங்கிச்சு, கண்ணுல தண்ணி வர சிரிச்சாவ.

"இருபது வருசமா சங்கத்துல ஒரு பய என்னைத் திருத்துனதில்லம்மா"ன்னு சொல்லி, மாடி ரூம் சாவியை மேசை மேல வச்சாவ.