உங்க பொண்ணு இல்ல

வசந்தகுமார் யார் பெயரையும் வெளியே சொன்னதில்லை. இதை அவர் பிறகு பலரிடம் சொல்லிக்கொண்டார். அது உண்மையும்கூட.

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில், ஷூவின் மேல்பாகம் தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் தொழிலாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசர். தொண்ணூற்றொன்று ஜூலையில் ஒரு காலை, தோல் துண்டுகளைப் பசை தடவி ஒட்டுகிற பேஸ்டிங் லைனில் வேலை செய்யும் அம்சவல்லி அவர் அறைக்கு வந்தாள். இருபது வயது. முந்தின நாள் ஓ.டி. முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் தசரதன் லைனிங் துணி எடுக்க வேண்டும் என்று அவளை ஸ்டோருக்குக் கூட்டிப்போய், கதவைத் தாழிட்டு, பலாத்காரம் செய்திருந்தான். அவள் அதை நாலைந்து வாக்கியங்களில் சொன்னாள். சொல்லும்போது விரல்களில் காய்ந்திருந்த பசைச் சொல்யூஷனை உரித்துக்கொண்டே இருந்தாள்.

வசந்தகுமார் பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் கொடுத்தார். போலீசுக்குப் போவது அவள் உரிமை, ஆனால் யோசித்துச் செய் என்றார். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜுகளில் நிருபர்கள் நிரம்பிக் கிடக்கிறார்கள். சட்டப்படி உன் பெயரைப் போட மாட்டார்கள். 'ஒரகடம் அருகே ஷூ கம்பெனியில் வேலை செய்யும், தகப்பன் இல்லாத இருபது வயதுப் பெண்' என்று போடுவார்கள். உங்கள் ஊரில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அவள் கேட்டது ஒன்றுதான். "எங்கம்மாவுக்குத் தெரியக்கூடாது சார்."

அப்பா செத்த பிறகு நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் அவளை வளர்த்தவள் அம்மா பாப்பம்மாள். வசந்தகுமார் வாக்குக் கொடுத்தார். கூடவே ஒரு நியாயமும் சொன்னார். கம்பெனிக்குள் விசாரணை வைப்போம், அது முடியும்வரை இரண்டு பேர் பெயரும் வெளியே போகக் கூடாது, அவளும் வாயைத் திறக்கக் கூடாது. குற்றம் நிரூபணமாகும் வரை தசரதனும் குடும்பம் உள்ள மனிதர்தானே. அதே காரணத்தால் அவனை வேலையிலிருந்து நிறுத்தவும் இல்லை. நிறுத்தினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும் அல்லவா?

பெயர் வெளியே போகவில்லை. சேதி போய்விட்டது. பேஸ்டிங் லைனில் ஒரு பெண்ணை எவனோ ஸ்டோரில் வைத்துக் கெடுத்துவிட்டான் என்று ஒரு வாரத்துக்குள் படப்பை வரை பேச்சு. கம்பெனி வேன் ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்றால் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து ஜன்னல்களைப் பார்த்தார்கள். "இன்னாடா, எந்த சீட்டு?" என்று ஒருவன் கேட்க, "மூஞ்சப் பாத்தா எல்லாமே அந்த சீட்டு மாதிரிதான் கீது" என்று இன்னொருவன் சொல்ல, சிரித்தார்கள். பெண்கள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். அன்றைய ஷிஃப்டில் இருந்த மூன்று சூப்பர்வைசர்களும் அதே டீக்கடையில்தான் சிகரெட் பிடித்தார்கள். அவர்களில் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் வந்தவர் படப்பையிலிருந்து ராஜாமணி. அவர் மகள் ஷெர்லின் அதே லைனில் இருந்தாள். வாலாஜாபாத்தில் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஆவணிக் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் வசந்தகுமார் மேசைக்கு முன்னால் நின்று அழுதார். வசந்தகுமார் சிறிது நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து அவர் தோளில் கை வைத்தார்.

"உங்க பொண்ணு இல்லீங்க. தைரியமா போங்க."

இதில் யார் பெயரும் இல்லை என்பதை அவர் தனக்குள் சரிபார்த்துக்கொண்டார். ஒரு கல்யாணம் பிழைத்தது என்று அன்று மாலை மனைவியிடம்கூடச் சொன்னார்.

அடுத்தடுத்த நாட்களில் மற்றவர்களும் வந்தார்கள். அப்பன், அண்ணன், ஒரு பெண்ணுக்குப் புருஷன். எல்லோருக்கும் அதே பதில். ஒருவர் முறுக்கு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஆபீசர் வாயாலேயே சொல்லிவிட்டார் என்று அவரவர் ஊரில் போய்ச் சொன்னார்கள். லைனில் பேச்சும் சிரிப்பும் திரும்பின. "எங்கூட்டுக்காரரு இனிமே என்னை சோறாக்கி வச்சிட்டுக் கூப்பிடணும்" என்று புருஷன் வந்துபோனவள் சொன்னாள்.

ஷெர்லின் நல்ல பெண். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் அதைச் சொன்னாள்.

"உங்கம்மாவையும் ஒரு தபா வந்து கேட்டுக்கினு போகச் சொல்லு அம்சா. ஒரு நிமிசம்தான். சொல்லிடறாரு."

அம்சவல்லி பிரஷ்ஷைச் சொல்யூஷன் டப்பாவில் நட்டுவிட்டு நேரே ஆபீசுக்குப் போனாள். அம்மா வந்து கேட்டால் எல்லோருக்கும் சொன்னதையே அவளுக்கும் சொல்லிவிட வேண்டும் என்றாள். உங்க பொண்ணு இல்ல. அவ்வளவுதான்.

வசந்தகுமாரின் முகம் வருத்தத்தில் சுருங்கியது.

"என்னைப் பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

மற்றவர்களிடம் அவர் உண்மையைத்தான் சொன்னார். இவளுக்காகப் பொய் சொன்னால், நாளை விசாரணையில் அவர் வார்த்தைக்கு என்ன மதிப்பு? பெயரைச் சொல்ல மாட்டேன் என்றேன், சொல்லவும் மாட்டேன், கவலைப்படாமல் வேலையைப் பார் என்று அவளை அனுப்பிவைத்தார்.

அம்மாவைத் தடுக்க அவள் சொன்ன காரணங்கள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எல்லாரும் போய்க் கேட்டுவிட்டு வந்துவிட்டார்கள், நீ மட்டும் ஏன் போகவில்லை என்று களத்து மேட்டில் ஒருத்தி கேட்டிருக்கிறாள். அன்று பாப்பம்மாள் கூலியை விட்டுவிட்டு, துவைத்த புடவை கட்டி, பஸ் ஏறி வந்துவிட்டாள். அவளுக்குப் பயமே இல்லை. ஊர்க்காரிகள் வாயை அடைக்க ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தாள்.

ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சு காலியாக இருந்தது. எதிரே பேஸ்டிங்கும் தையலும் நடக்கும் ஹால். சொல்யூஷன் நெடி வெளியேறுவதற்காக அதன் ஜன்னல்கள் எப்போதும் திறந்திருக்கும். அந்த வழியாக வந்த தசரதன் அவளைப் பார்த்து நின்றான்.

"யாரம்மா பாக்கணும்?"

"ஆபீசரத்தான் நைனா. பேஸ்டிங்ல அம்சவல்லி கீதே, அதோட அம்மா நானு."

அவன் அவள் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தான். பிறகு, நிழலில் உட்காருங்க, வெயிலில் வந்திருக்கீங்க என்று பெஞ்சின் மறுமுனையைக் காட்டினான். கேன்டீன் பக்கம் போய் அவனே ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்தான். அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டதால் டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்து காத்திருந்தான். விசாரணைக்கு உள்ளானவன் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கத்தான் காத்திருந்தான் என்று நம்ப மனம் வரவில்லை. ஆனால் வேறு காரணம் எதுவும் தெரியவில்லை.

உள்ளே வசந்தகுமார் நாற்காலி போடச் சொன்னார். அவள் கேள்வியைக் கேட்டாள்.

"இந்த விஷயத்துல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லம்மா. ரகசியம்."

பாப்பம்மாள் சிரித்தாள். ஆபீசருக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை என்று நினைத்து, மகள் பெயரை இன்னொரு முறை சொன்னாள். அவர் மேசைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷெர்லின் அப்பாவுக்குச் சொன்னீங்களே சார்?"

அவர் ஒரு ஃபைலைப் பிரித்துக் குனிந்துகொண்டார். மின்விசிறி சுற்றியது. அவள் சிரிப்பு எப்போது போனது என்று அவர் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருந்தாள்.

"அவன் யாரு?"

"அதுவும் சொல்லக் கூடாதும்மா. அவருக்கும் மானம் மரியாதை இருக்கு."

பாப்பம்மாள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தசரதன் கிளாஸை எடுத்து நீட்டினான்.

"வேல முடிஞ்சுதாம்மா? குடிங்க, ஆறிப்போச்சு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்த இடத்தில் தன்னை ஒரு மனுஷியாக மதித்தவன் அவன் ஒருவன்தான். கிளாஸை வாங்கி ஆடை படிந்திருந்த டீயைக் குடித்தாள்.

"நல்லாயிரு நைனா" என்றாள்.

அம்சவல்லி ஜன்னல் வழியே இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷெர்லின் அவள் கையைப் பிடித்ததாகவும் அவள் உதறிவிட்டதாகவும் சொல்கிறார்கள். ஓடவில்லை, நடந்துதான் வந்தாள். அம்மாவின் கையிலிருந்த கிளாஸைத் தட்டிவிட்டாள். அது தரையில் விழுந்து உடைந்த சத்தத்தில் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இவன்தாம்மா" என்றாள். "தசரதன். அவன் பேரு தசரதன்."

ஹாலில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. தசரதன் யாரையும் பார்க்காமல் சட்டையில் தெறித்த டீயைத் துடைத்தான். வசந்தகுமார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். நம்பி ஏமாந்தவரின் முகம் அவருக்கு.

"பேரைச் சொல்றதில்லைன்னு ஒத்துக்கிட்டியேம்மா" என்றார். இனி இந்த விசாரணையை எப்படி ஒழுங்காக நடத்துவது என்றும், அவளுக்கு மெமோ கொடுப்பதைத் தவிர வழியில்லை என்றும் சொன்னார்.

பாப்பம்மாள் எதையும் கேட்கவில்லை. எச்சிலைக் கூட்டித் துப்பினாள். மறுபடி துப்பினாள். மகள் கையைப் பிடித்துக் கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தம் வரை போகும்போதும், முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டே போனாள்.