மூடிய மாதா

"முகத்துல போட ஒரு துணி கொண்டாங்க" என்றார் உபதேசியார். சவப்பெட்டியின் மூடியை இரண்டு பேர் தூக்கிப் பிடித்து நின்றார்கள். மூன்று மாடிப் படி இறக்க வேண்டும், அதனால் வீட்டிலேயே மூடிவிடலாம் என்று முடிவாகியிருந்தது.

பிராங்ளின் பீரோவைக் குடைந்தார். முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுத்திய மார்கரெட்டின் பீரோவில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை அகப்படவில்லை. படுக்கையில் கிடந்த மனைவிக்கு இந்த ஐந்து மாதத்தில் வாய் துடைத்தே எல்லாவற்றையும் தீர்த்திருந்தார்.

"டாடி, ஜல்தி. சர்ச்சுல ஃபாதர் வெயிட் பண்றாங்க" என்றாள் மகள் ஜெனி.

பீரோவுக்கு மேலே மாதா நின்றாள், தலை முதல் பாதம் வரை ஊதாத் துணிக்குள். தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று கோயிலில் சுரூபங்களை மூடுவார்கள். வீட்டு மாதாவையும் மூட வேண்டும், ஈஸ்டர் வரை முடிச்சில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது மார்கரெட்டின் சட்டம். இந்த வருஷம் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. முடிச்சைப் போட்டவர் பிராங்ளின்தான்.

அவர் பெரிய பக்திமான் ஒன்றும் இல்லை. தவக்கால வெள்ளிக்கிழமையிலேயே ஆபீஸ் கேன்டீனில் மட்டன் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த ஆள். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின நாள் டாக்டர் கையை விரித்த பிறகுதான் மாதாவிடம் பேரம் பேசினார். கறி, மீன், டீ கிடையாது. செருப்பு கிடையாது. ஈஸ்டர் வரை ஒரு விதியும் பிசகாது. பதிலுக்கு மார்கரெட்டைப் பிழைக்க வைத்துவிட வேண்டும். டெல்லி ஜனக்புரி மார்க்கெட்டில் வெறுங்காலோடு வெண்டைக்காய் பொறுக்கியவரைப் பார்த்துத் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. பேரம் என்றால் பேரம்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் மார்கரெட் கேட்டாள்.

"ஏங்க, மாதா முகத்த ஒருக்கா பாத்துக்கிடுதேன். துணிய எடுங்க."

"ஈஸ்டருக்குப் பாக்கலாம்."

"அதுவரைக்கும் நான் கெடக்கணுமே."

"கெடப்ப. நீ போட்ட சட்டந்தான? இத்தன நாளு வெரதம் இருந்ததெல்லாம் வீணாப் போயிரும்."

"சட்டம் போட்டவதான சொல்லுதேன். எடுங்க."

அவர் எடுக்கவில்லை. எடுத்தால் மாதா கைவிட்டுவிடுவாள் என்று நிஜமாகவே பயந்தார். மார்கரெட் மறுபடி கேட்கவில்லை. பீரோவின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கஞ்சியோடு வந்தபோதும் கண் அங்கேயேதான் இருந்தது. அவர்தான் அதை மூடினார்.

அப்போதிலிருந்து அந்தக் குரல் வீட்டை விட்டுப் போகவில்லை. ஐஸ் பெட்டியின் மோட்டார் நின்றால் கேட்டது. செபமாலை சொல்லும் பெண்கள் மூச்சு வாங்க நிறுத்தினால், அந்த இடைவெளியில் கேட்டது. எடுங்க.

பிராங்ளின் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார்.

"ஐயா, என்ன செய்யுதீங்க? ஈஸ்டருக்கு இன்னும் பதினோரு நாள் கெடக்கு" என்றார் உபதேசியார்.

"தெரியும்."

பயந்துகொண்டு போட்ட முடிச்சு, அவிழவில்லை. ஜெனி நீட்டிய கத்தரிக்கோலை அவர் வாங்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். துணி கையோடு வந்தது. உள்ளே அதே முகம். கல்யாணமான புதிதில் டெல்லிக்கு வரும் வழியில், ரயிலில் மாதாவின் மூக்கு உடைந்துபோனது. ஆஸ்பத்திரியில் மிஞ்சிய மாவுக்கட்டுப் பொடியைக் குழைத்து மார்கரெட் ஒட்டிய மூக்கு அது. கொஞ்சம் பெரிதாகவே அமைந்துவிட்டது. பெயிண்ட் அடிக்க அவள் விட்டதே இல்லை.

மாதாவை இறக்கி, பெட்டிக்குள் குனிந்து, மூடியிருந்த இமைகளுக்கு நேராகப் பிடித்தார்.

"பாரு மார்கரெட்" என்றார். "நல்லாப் பாத்துக்கோ."

இனி அந்தக் குரல் நின்றுவிடும் என்று நினைத்திருந்தார். நிற்கவில்லை.

ஊதாத் துணியை உதறி அவள் முகத்தில் போட்டார். மூடி இறங்கியது.

பெட்டிக்குப் பின்னால், மாதாவை மார்போடு பிடித்தபடி படியிறங்கினார். கீழே வண்டி நின்ற இடம் வரை ரோட்டில் முழு வெயில். ஜெனி ஓடிவந்து அவருடைய செருப்பைக் காலடியில் போட்டாள்.

"போட்டுக்கோங்க டாடி. ரோடு சுடுது."

அவர் செருப்பை விட்டு விலகி நடந்தார்.

"ஈஸ்டர் வரட்டும்" என்றார்.