மோமியில் பயணம் செய்தவர்

"வெள்ளைச் சட்டை இன்னும் இருக்கா வெர்னா?" என்று கிளாரன்ஸ் மெடீரோஸ் தொலைபேசியில் கேட்டபோது, நாள் முழுக்க ஓட்டல் குளியலறைகளைத் தேய்த்துவிட்டு வந்து முழங்காலில் தைலம் தடவிக்கொண்டிருந்தேன். கப்பல் பணியாளர் தொழிற்சங்கத் தலைவன்; அவன் கேட்டது நான் கப்பலில் பரிமாறிய காலத்துச் சீருடையை. கம்பெனி எங்கள் கப்பலை உடைப்புக்கு விற்று எங்களைக் கரையில் இறக்கிவிட்ட பிறகு, செத்தேனா இருக்கிறேனா என்று ஒரு வார்த்தை விசாரிக்காதவன்.

"சட்டை இருக்கு. நான்தான் அதுக்குள்ள நுழைய மாட்டேன்."

"எப்படியாவது நுழைஞ்சுடு. உள்நாட்டுப் பயணிகள் கப்பலுக்கு மறுபடி உயிர் குடுக்க செனட்டர் சட்டம் கொண்டுவராரு. விழாவுல அவருக்குப் பின்னாடி வந்து நின்னா போதும். புதுக் கப்பல்ல வேலைக்கு முதல் பேரு உன்னோடதுதான்."

நம் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே ஆள் ஏற்றிப்போக, இங்கே கட்டிய கப்பலுக்கு மட்டுமே உரிமை. இப்போதெல்லாம் அப்படி ஒன்றை யாரும் கட்டுவதில்லை. கட்டும்வரை பழைய வெளிநாட்டுக் கப்பலில் நம் கொடியைப் பறக்கவிட்டுக்கொள்ளலாம் என்பதுதான் செனட்டரின் மகத்தான யோசனை. குளியலறைகளிலிருந்து தப்பிக்க வேறு வழி தெரியாததால் போனேன்.

ஹொனலுலு துறைமுகத்தில் நின்ற ஒரு வெளிநாட்டுக் கப்பலின் மேல்தளத்தில் விழா. அமெரிக்கக் கப்பல் தொழிலை மீட்கும் விழாவை நடத்த ஓர் அமெரிக்கக் கப்பல் இல்லை. அதற்காகக் கூச்சப்படவும் அங்கே ஆள் இல்லை.

உதவியாளப் பெண் ஒருத்தி பழரசக் கோப்பைகள் நிறைந்த தட்டை என் கையில் திணித்தாள். "போட்டோவுக்குத்தான்."

இந்தக் கைகள்தான் நம் கடலின் பெருமை என்று செனட்டர் முழங்கிக்கொண்டிருக்கையில், ஒரு சீமாட்டி என் முகத்தைப் பார்க்காமலே ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் எடுத்தார்கள். காலியானதும் இன்னொரு தட்டு வந்தது. சம்பளமில்லாத விடுப்பில் வந்து பரிமாறிக்கொண்டிருந்தேன். பழக்க தோஷம், சிரித்துக்கொண்டும் இருந்தேன்.

கப்பலின் இந்தோனேசியப் பரிசாரகன் ஒருவன் அருகே வந்தான். "குடுங்க ஆன்ட்டி, இது என் வேலை." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இந்த வேலையை எடுத்துக்கத்தான் வந்திருக்கீங்களாமே?" அவன் சிரிப்பில் கோபம் இல்லை. அதுதான் சுட்டது.

பேச்சு முடிந்து, கேமராக்கள் சூழ செனட்டர் என்னிடம் வந்தார். "நீங்க எந்தக் கப்பல்ல இருந்தீங்க?"

என்ன பிசாசு பிடித்ததோ, எங்கள் வீட்டு நாயின் பெயரைச் சொன்னேன். "மோமி."

"ஆகா, மோமி!" அவர் கண்கள் பனித்தன. "நானும் என் மனைவியும் அதுல போயிருக்கோம். என்ன கப்பல்! என்ன சாப்பாடு!"

"சாப்பாடுன்னா அதுக்கு உயிரு சார். செருப்பைக்கூட விடாது. எங்க வீட்டு நாய் அது."

 செனட்டர்தான் முதலில் சிரித்தார், தானே சொன்ன நகைச்சுவை போல, எல்லோரையும்விடச் சத்தமாக. சிரித்தபடியே அடுத்த ஆளின் கையைக் குலுக்கப் போய்விட்டார்.

கிளாரன்ஸ் என்னைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துப்போனான். "பைத்தியமா உனக்கு? உன் பேரை அடிச்சிடுவேன்."

"எந்தக் கப்பல்லேர்ந்து?"

அவன் செனட்டர் பக்கம் ஓடினான். எனக்கு ஜெயித்த சந்தோஷம் இல்லை. காலையில் குளியலறைகள் காத்திருந்தன.

கீழே இறங்கித் திரும்பிப் பார்த்தேன். 'அமெரிக்கக் கடல், அமெரிக்கக் கப்பல்' என்று எழுதிய பெரிய துணியை அந்த இந்தோனேசியனும் இன்னொருவனும் கம்பியிலிருந்து அவிழ்த்து, சாப்பாட்டு மேசை விரிப்பை மடிப்பதுபோல மூலைக்கு மூலை சேர்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று அதை அவர்கள் கையிலிருந்து பறிக்கப் பார்த்தது.