சாண்டில்பி படகுத்துறைச் சண்டை

எங்கள் சாண்டில்பியில் கோடைக்கு வருகிறவர்கள் உலாவும் கடலோர நடைபாதை, மீனவர் தெருவுக்கு நேரே வந்ததும் அறுந்து நின்றுவிடும். நடுவில் படகுகளை ஏற்றி இறக்கும் கற்சரிவு. பாட்டி காலத்துக்கும் முந்தைய அந்தச் சரிவைக் காப்பாற்றியது ஹெஸ்டர் கேமிஷும் அவள் தெருப் பெண்களும்தான்.

ஹோட்டல் முதலாளி திர்க்கெல்லுக்கு நடைபாதை ஒரே நீளமாக வேண்டியிருந்தது. ஆண்கள் ஆழ்கடலுக்குப் போயிருந்த வாரமாகப் பார்த்து, சரிவை மூடக் கூலியாட்களை அனுப்பினார். வந்தவர்கள் முதலில் கரையில் கிடந்த சிறு படகுகளைச் சம்மட்டியால் உடைத்தார்கள்.

தூண்டிலுக்குச் சிப்பி உரித்துக்கொண்டிருந்த ஹெஸ்டர் கத்தியும் கையுமாக ஓடிவந்தாள். அவள் படகின்மேல் சம்மட்டியை ஓங்கி நின்றவன் ஜேபஸ், அவளுடைய சொந்தத் தம்பி.

"நீயாடா? இந்த வேலைக்கு நீயாடா வந்தே?"

"தள்ளு அக்கா. நான் கூலிக்கு வந்தவன். மொதலாளிகிட்ட போய்க் கேளு."

"கடல்ல எறங்கப் பயந்து ஓடினவன், கரையில கெடக்குற படகுகிட்ட வீரத்தக் காட்டுறியா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஜேபஸின் முகம் கறுத்தது. சம்மட்டி இறங்கியது, பலகை பிளந்தது. ஹெஸ்டர் அவன் முடியைப் பிடித்து இழுக்க, அவன் அவளைக் கல்மேல் தள்ளினான். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது.

அதைப் பார்த்ததும் தெருவே இறங்கிவிட்டது. பெண்கள் துடுப்பால் அடித்தார்கள். நண்டு வெந்துகொண்டிருந்த அண்டாவை இருவர் தூக்கிவந்து கொதிநீரை வீசினார்கள். வெந்துபோனவர்கள் அலறிக்கொண்டு கடலில் விழுந்தார்கள். ஒருவன் மண்வெட்டியால் ஹெஸ்டரின் வலது கையில் ஓங்கிப் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் சுற்றி நின்றவர்களுக்கும் கேட்டது.

"டேய், அவ எங்க அக்காடா!" என்று கத்தியபடி ஜேபஸ் இடையில் பாய்ந்தான்.

ரத்தம் மறைத்த கண்ணோடு, வருவது யாரென்று தெரியாமல், ஹெஸ்டர் இடது கையால் கத்தியை வீசினாள். அது தம்பியின் கண்ணில் பாய்ந்தது. அவன் அலறிய குரலை வைத்துத்தான் அவனென்று தெரிந்துகொண்டாள்.

சண்டை அத்தோடு நின்றது. ஆண்கள் திரும்பிவந்தால் என்ன நடக்குமோ என்ற பயத்தில் நகரசபை அதன்பிறகு சரிவை மூட யாரையும் விடவேயில்லை. ஹெஸ்டர் சிறைக்குப் போனாள்.

விடுதலையானதும் அவள் நேரே தம்பி வீட்டுக் கதவைத்தான் தட்டினாள். ஒற்றைக் கண்ணோடு அவன் வந்து நின்றான்.

"உன்னைக் காப்பாத்தத்தான் வந்தேன்."

"தெரியும்டா."

அவன் அவளுடைய வளைந்த கையை வெகுநேரம் பார்த்தான்.

"படகு?"

"பலகை மாத்தியாச்சு. ஓடுது."

"சரி, போ."

கதவு சாத்திக்கொண்டது. ஒரே ஊரில் இருந்தும் சாகும்வரை இருவரும் மறுபடி பேசிக்கொள்ளவில்லை.